பூவும் விளக்கும்: ஜப்பானியர் படம் பிடித்த கதை

இணையத்தில் "ஜப்பான்" என்று தட்டிப் படங்களைத் தேடிப் பாருங்கள். முதலில் வந்து விழுபவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்கள். இன்னொன்று, மலை உச்சியிலிருந்தோ கோபுரத்திலிருந்தோ எடுத்த, விளக்குகள் மின்னும் நகரத்தின் இரவுக் காட்சி. முன்னதை ஜப்பானியர் சகுரா என்கிறார்கள், பின்னதை யாகெய். இரண்டுக்கும் அங்கே தனித்தனி வழிகாட்டிப் புத்தகங்கள் உண்டு. எந்த நாளில், எந்தப் பாலத்தில், எந்த நேரத்தில் முக்காலியை நிறுத்த வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருப்பார்கள்.

புகைப்படக்கலை ஜப்பானுக்குள் நுழைந்தபோது அதனால் பிடிக்க முடியாமல் போனவையும் இதே இரண்டுதான்! பூவின் நிறம் தகட்டில் விழவில்லை. இரவின் வெளிச்சம் தகட்டுக்குப் போதவில்லை. பின்னால் கருவிகள் தேறி வந்தபோது, சில ஊர்களில் மலை ஏறிப் படம் எடுப்பதையே சட்டம் தடுத்தது. அடுத்து போர் வந்து விளக்குகளை அணைத்தது, பூவையும் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. இன்றைய அழகான படங்களுக்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம். (ஜப்பானிய முறைப்படி இந்தக் கட்டுரையில் குடும்பப் பெயர் முன்னால் வருகிறது.)

கேமராவுக்கு முன்பே

பூத்த மரத்தடியில் கூடி உண்டு, குடித்து, பாட்டெழுதும் வழக்கத்துக்கு ஹனாமி என்று பெயர். முதலில் அது அரசவைப் பிரபுக்களின் பொழுதுபோக்கு. 1598-இல் டொயொடொமி ஹிதெயோஷி கியோட்டோவின் தைகோ கோயிலில் நடத்திய ஹனாமி விருந்து இன்றும் பேசப்படுகிறது. சாதாரண மக்களுக்கும் அந்த வாய்ப்பைப் பரவலாக்கியவர் எட்டாவது தொகுகாவா ஷோகன் யோஷிமுனே. இன்றைய தோக்கியோவான எதோ நகரில், 1720 வாக்கில் அசுகாயாமா குன்றில் செர்ரி மரங்களை நட்டு, ஊர் மக்கள் வந்து பார்க்கும் இடமாக்கினார்.

இரவில் பூ பார்ப்பதும் பழைய வழக்கம்தான். அதற்கு யோசகுரா என்று பெயர், அதாவது இரவுச் செர்ரி. எதோவின் யோஷிவாரா பகுதியில் வசந்தம் தோறும் பூக்கும் நிலையிலுள்ள மரங்களை வேரோடு கொண்டுவந்து நடுத்தெருவில் நட்டு, பூ உதிர்ந்ததும் பிடுங்கி எடுத்துச் செல்வார்கள். விளக்கொளியில் அந்தத் தெரு ஜொலிக்கும். யோஷிவாரா என்பது விலைக்கு விற்கப்பட்ட பெண்கள் அடைபட்டுக் கிடந்த இடம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பூவும் விளக்கும் வாடிக்கையாளருக்காக.

ஓவியர் ஹொகுசாயின் மகள் கட்சுஷிகா ஓய் வரைந்த ஓர் இரவுச் செர்ரி ஓவியம் இருக்கிறது. கல்விளக்கின் அருகே ஒரு பெண் நின்று கவிதை எழுதுகிறாள். விளக்கொளி படும் இடங்களில் முகமும் கையும் பூவும் தெரிகின்றன, மற்றதெல்லாம் இருட்டு. வானத்தில் நட்சத்திரங்களைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்திருக்கிறார். ஜப்பானிய மரபு ஓவியத்தில் இப்படி நிழலை ஆழமாகக் காட்டுவது அபூர்வம். புகைப்படக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தேடிய காட்சியை அவர் தூரிகையால் முன்பே கண்டுவிட்டார் என்றே சொல்லலாம்.

கேமரா வந்தது, நிறம் வரவில்லை

டாகுரோடைப் கேமரா ஒன்று 1848-இல் நாகசாகி துறைமுகம் வழியாக ஜப்பானுக்கு வந்தது. அதைப் பழகிக்கொள்ள வருடக்கணக்கானது. சத்சுமா பகுதியின் தலைவர் ஷிமாஸு நாரியாகிராவை அவருடைய ஆட்கள் 1857 செப்டம்பரில் எடுத்த படம்தான், ஜப்பானியர் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய டாகுரோடைப் என்று கருதப்படுகிறது. 1862-இல் நாகசாகியில் உவேனோ ஹிகோமாவும் யோகோஹாமாவில் ஷிமோவோகா ரென்ஜோவும் ஸ்டுடியோ திறந்தார்கள். அடுத்த வருடமே ஃபெலிசே பியட்டோ என்ற ஐரோப்பியர் யோகோஹாமாவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்து ஈரத் தகட்டு முறையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கண்ணாடித் தகட்டில் பூசும் ரசாயனம் நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும்தான் நன்றாக வேலை செய்யும். சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட தெரியாது. நீல வானம் வெள்ளையாக விழும். அந்த வெள்ளை வானத்துக்கு முன்னால் வெளிர் நிறச் செர்ரிப் பூ என்ன ஆகும்? கரைந்து காணாமல் போகும். போதாக்குறைக்கு ஒளிபடும் நேரம் சில வினாடிகள். காற்றில் கிளை ஆடினால் பூங்கொத்து வெறும் பஞ்சு மூட்டையாகிவிடும்!

இதற்கு யோகோஹாமா கண்டுபிடித்த வழி தூரிகை. மர அச்சு ஓவியங்களுக்கு வண்ணம் தீட்டும் கைத்திறன் அங்கே ஏற்கெனவே இருந்தது. முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிட்ட கருப்பு வெள்ளைப் படங்களின் மேல் நீர் வண்ணத்தை மெல்லிசாகத் தீட்டினார்கள். பியட்டோ தொடங்கிவைத்த இந்தத் தொழிலை குசாகாபே கிம்பெய், அடோல்ஃபோ ஃபர்சாரி போன்றவர்கள் பெரிதாக வளர்த்தார்கள். கிம்பெய் முதலில் வண்ணம் தீட்டும் உதவியாளராக இருந்து, 1881-இல் சொந்தக் கடை போட்டவர். ஃபர்சாரியின் ஸ்டுடியோவில் ஒரு கலைஞர் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் இரண்டு மூன்று படங்களைத்தான் நேர்த்தியாக முடிக்க முடியுமாம்.

அரக்குப் பூச்சு அட்டை போட்ட அந்த ஆல்பங்களை வெளிநாட்டுப் பயணிகள் வாங்கிச் சென்றார்கள். செர்ரித் தெரு, குடை பிடித்த பெண், ஃபூஜி மலை என்று எல்லாம் அதில் இருக்கும். இன்று உலகம் முழுக்க "ஜப்பான் என்றால் இப்படி" என்று மனதில் பதிந்திருக்கும் பிம்பம் பெரிய அளவில் இந்த ஆல்பங்களிலிருந்து வந்ததுதான். அந்த இளஞ்சிவப்பு, லென்ஸ் வழியாக வந்ததல்ல. ஒரு தொழிலாளியின் கிண்ணத்திலிருந்து வந்தது. பெரும்பாலான படங்களில் அந்தத் தொழிலாளியின் பெயரும் இல்லை.

பூவையே தனிப் பாடமாக எடுத்துக்கொண்டவர் ஒகாவா கஸுமாசா. 1880-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய்ப் படத் தொழிலையும் கொலோடைப் என்ற அச்சு முறையையும் கற்றுத் திரும்பினார். 1890-களில் அவர் வெளியிட்ட ஜப்பானியப் பூக்கள் பற்றிய தொகுப்பில் தாமரை, செவ்வந்தி, அல்லி, செர்ரி எல்லாம் தனித்தனிப் பக்கங்களில் வருகின்றன. கையால் வண்ணம் தீட்டியவைதான். ஆனால் இதழின் நரம்பு வரை தெரியும் துல்லியம் அவற்றில் உண்டு.

இரவைப் பூசியவர்கள்

இரவின் கதையும் இதே மாதிரிதான். யோகோஹாமா தெருவில் 1872-இல் எரிவாயு விளக்கு எரிந்தது. 1874-இல் தோக்கியோவின் கின்ஸா தெருவுக்கும் வந்தது. 1882-இல் அதே கின்ஸாவில் மின்சார ஆர்க் விளக்கு ஒன்றை ஏற்றிக் காட்டியபோது மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

இந்தப் புது வெளிச்சத்தைப் பதிவு செய்ததும் முதலில் கேமரா அல்ல, மர அச்சு ஓவியம்தான். கொபயாஷி கியோசிகா 1876 முதல் 1881 வரை தோக்கியோவின் காட்சிகளைத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அச்சுகளாக வெளியிட்டார். எரிவாயு விளக்கின் கீழ் கருநிழலாக நடக்கும் மனிதர்கள், ஆற்றில் நெளியும் விளக்கின் பிம்பம், ஜன்னலிலிருந்து கசியும் மஞ்சள் ஒளி... பார்த்தால் நல்ல இரவுப் புகைப்படத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். 1881-இல் நகரின் பெருந்தீயை வரையப் போனவர் திரும்பி வந்தபோது அவர் வீடும் எரிந்து போயிருந்தது என்று சொல்வார்கள்.

1890-இல் அசகுசாவில் ர்யோவுன்காகு என்ற பன்னிரண்டு மாடிக் கோபுரம் எழுந்தது. ஜப்பானின் முதல் மின்சார லிஃப்ட் அங்கேதான் ஓடியது. நகரத்தை உயரத்திலிருந்து பார்க்கும் ஆசையை மக்களுக்கு ஏற்படுத்தியதில் அதற்குப் பங்கு உண்டு. 1923-இன் பெரும் பூகம்பத்தில் அது உடைந்து போனது. 1903-இல் ஒசாகாவில் நடந்த தேசியத் தொழில் கண்காட்சியில் கட்டடங்களின் ஓரமெல்லாம் மின்விளக்கு கட்டி இரவில் ஏற்றினார்கள். "இலுமினேஷன்" என்ற சொல் அப்படித்தான் ஜப்பானிய மக்கள் வாயில் பழகியது.

இந்த இரவுகளின் தபால் அட்டைகள் அமோகமாக விற்றன. அந்தக் காலத்து இரவு அட்டைகளில் பல பகலில் எடுத்த படங்கள்தான்! படத்தின் மேல் கருநீலத்தைப் பூசி, ஜன்னல்களை மட்டும் மஞ்சளாக்கி, மேலே ஒரு நிலவையும் வைத்துவிட்டால் இரவு தயார். ஃபோட்டோஷாப் வந்துதான் படத்தில் பொய் வந்தது என்று நினைப்பவர்கள் இந்த அட்டைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரே மரம், லட்சம் பிரதிகள்

இன்று ஜப்பானில் பூக்கும் செர்ரிகளில் பெரும்பாலானவை சொமேய் யோஷினோ என்ற ஒரே ரகம். எதோ காலத்தின் கடைசியில், இன்றைய தோக்கியோவின் கொமாகோமே பக்கத்தில் இருந்த சொமேய் என்ற தோட்டக்காரர் கிராமத்திலிருந்து பரவியது. இதை விதையிலிருந்து அதே ரகமாக வளர்க்க முடியாது, ஒட்டுப் போட்டுத்தான் வளர்க்க வேண்டும். ஆகவே நாடு முழுக்க நிற்பவை ஒரே மரத்தின் பிரதிகள். மரபணு ஒன்று என்பதால், ஒரே இடத்தில் நிற்பவை ஒரே நேரத்தில் பூக்கின்றன, சுமார் பத்து நாளில் ஒரே நேரத்தில் உதிர்கின்றன. இலை வருவதற்கு முன்பே பூ வந்துவிடுவதால் மரம் முழுக்கப் பூவாகவே தெரியும். புகைப்படக்காரருக்கு இதைவிட வசதியான மரம் கிடையாது.

அரசாங்கத்துக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சீக்கிரம் வளரும், ஒரே சமயத்தில் பூக்கும், ஒரே சமயத்தில் விழும். பள்ளிக்கூடம், ராணுவ முகாம், கோயில் என்று எங்கும் நட்டார்கள். நாட்டுக்காகத் தயங்காமல் உதிர்வதற்கு இந்தப் பூவை உதாரணமாகக் காட்டத் தொடங்கினார்கள்.

பிடித்த நாடுகளிலும் நட்டார்கள். கொரியாவின் சியோலில் அரச குடும்பத்தின் சாங்க்யோங் அரண்மனையை மிருகக்காட்சி சாலையாகவும் பூங்காவாகவும் மாற்றி 1909-இல் திறந்தார்கள். அங்கே செர்ரி மரங்களை வரிசையாக வைத்து, 1924 முதல் இரவில் விளக்கேற்றி மக்களை அனுமதித்தார்கள். ஓர் அரசின் வீடு, பிடித்தவனின் பூவைப் பார்க்கும் கேளிக்கை இடமானது. கொரியர்களும் போய் ரசித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் சங்கடமான பகுதி. விடுதலைக்குப் பிறகும் பல வருடம் அது தொடர்ந்தது. 1983-இல்தான் அரண்மனை தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது, மரங்களும் அகற்றப்பட்டன.

இதற்கு நேர் எதிர்க் கதை வாஷிங்டனில் நடந்தது. எலைசா சிட்மோர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1880-களில் ஜப்பான் போய்ச் செர்ரியைப் பார்த்து மயங்கி, தலைநகரில் நட வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டு வந்தார். 1910-இல் வந்த 2000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் எரிக்க வேண்டியதாயிற்று. 1912-இல் மறுபடியும் 3020 மரங்கள் வந்தன. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில நாட்களில் அவற்றில் நான்கை யாரோ வெட்டிப் போட்டார்கள். போர் முடிந்த பிறகு, தோக்கியோவில் அந்த மரங்களின் தாய்த் தோப்பு நலிந்து கிடந்தபோது, 1952-இல் வாஷிங்டனிலிருந்து ஒட்டுக் கிளைகள் திரும்பிப் போயின. பூவுக்குத் தெரியாது அது யாருடைய பூ என்று.

படம் எடுத்தால் குற்றம்

ஹொக்கைதோ தீவின் ஹகோதாதே நகரம் இன்று இரவுக் காட்சிக்குப் பேர் போனது. 334 மீட்டர் உயர மலையில் நின்று பார்த்தால், இரண்டு பக்கமும் கடல் கருப்பாக வளைந்து வர, நடுவே இடுப்பு ஒடுங்கிய நிலத்தில் விளக்குகள் குவிந்து கிடக்கும். அந்தக் காட்சியை அரை நூற்றாண்டுக் காலம் யாரும் மலையேறிப் படம் எடுக்க முடியாது. ஏன்?

அந்த மலை ராணுவக் கோட்டை. 1890-களின் கடைசியில் அங்கே பீரங்கி மேடைகள் கட்டத் தொடங்கினார்கள். பொதுமக்கள் ஏறக்கூடாது. 1899-இல் வந்த கோட்டை மண்டலச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட பகுதிகளில் அனுமதி இல்லாமல் படம் எடுப்பது, அளப்பது, வரைவது எல்லாம் குற்றம். ஹகோதாதே மட்டும் அல்ல, நாகசாகியும் அப்படித்தான். அந்த ஊர்களின் பழைய தபால் அட்டைகளில் ஓரத்தில் "கோட்டைத் தலைமையகம் பார்த்து அனுமதித்தது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். துறைமுகத்தின் அழகு ராணுவ ரகசியமாக இருந்த காலம்!

1938-இல் விளக்குக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்றார்கள். ஜன்னலில் கருப்புத் துணி, விளக்குக்கு உறை. இரவுக் காட்சி என்ற பொருளே மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

பூவின் நிலைமை இன்னும் மோசம். திரும்பி வர வழியில்லாத, மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டிச் சென்று மோதும் ராக்கெட் குண்டுக்கு ஒஹ்கா, அதாவது செர்ரிப் பூ, என்று பெயர் வைத்தார்கள். 1945 ஏப்ரலில் தெற்கே சிரான் விமானத் தளத்தில் எடுக்கப்பட்ட ஒரு படம் மிகவும் பிரபலமானது. பள்ளி மாணவிகள் வரிசையாக நின்று பூத்த செர்ரிக் கிளைகளை அசைக்கிறார்கள். விமானத்தில் ஓர் இளைஞன் சாகப் போகிறான். செர்ரியைப் பிடித்த லட்சோபலட்சம் படங்களில் பார்க்கவே கூசும் படம் இதுதான். அந்தப் பிள்ளைகளின் வயதை நினைத்தால் கிளையை யார் கையில் கொடுத்தது என்ற கேள்வி வராமல் இருக்காது.

அதே வருடம் மார்ச் 10 இரவு தோக்கியோ எரிந்தது. ஓர் இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். சேதத்தைப் பொதுமக்கள் படம் எடுக்கத் தடை. காவல்துறைப் புகைப்படக்காரர் இஷிகாவா கோயோ மேலதிகாரியின் கட்டளைப்படி எடுத்தார். போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் நெகட்டிவ்களைக் கேட்டபோது, அவர் அவற்றைத் தன் தோட்டத்தில் புதைத்து மறைத்துவிட்டார். அதனால்தான் அந்தப் பேரழிவின் படங்கள் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன.

விளக்கு திரும்பியது

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது, விளக்குக் கட்டுப்பாடும் நீங்கியது. அடுத்த ஆண்டு ஹகோதாதே மலை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரை நூற்றாண்டு ஆள் நடமாட்டம் இல்லாததால் காடு அப்படியே செழித்திருந்தது. 1958-இல் மேலே போக ரோப்வே வந்தது. அதே 1958-இல் தோக்கியோவில் 333 மீட்டர் உயர தோக்கியோ கோபுரமும் எழுந்தது. கோபேயில் மாயா மலை மேடைக்கு "கையால் நட்சத்திரம் அள்ளும் இடம்" என்ற பொருளில் கிகுசெய்தாய் என்று பெயர். ஹகோதாதே, கோபே, நாகசாகி மூன்றையும் சேர்த்து "மூன்று பெரும் இரவுக் காட்சிகள்" என்று சுற்றுலாக்காரர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். மூன்றுமே மலை நெருக்கிப் பிடித்த துறைமுகங்கள். மலை இருப்பதால் மேலிருந்து பார்க்கலாம், இடம் குறுகியதால் விளக்குகள் நெருங்கி எரியும். காரணம் அவ்வளவுதான்.

நாகசாகியின் விளக்குகளைப் பார்க்கும்போது 1945 ஆகஸ்ட் 9-ஐ மறக்க முடியாது. புகைப்படக்காரர் தோமாட்சு ஷோமெய் 1961-இல் அங்கே போய், குண்டு வெடித்த 11.02 மணியில் நின்றுபோன ஒரு கைக்கடிகாரத்தைப் படம் எடுத்தார். உயிர் பிழைத்தவர்களின் தழும்புகளையும் எடுத்தார். அதே தோமாட்சு பிற்காலத்தில் நாடு முழுக்கச் சுற்றி, வண்ணத்தில் செர்ரி மரங்களை எடுத்து 1990-இல் புத்தகமாகப் போட்டார். போர்க்காலத்தில் சிறுவனாக வளர்ந்த தலைமுறைக்குச் செர்ரி வெறும் பூவாக இருந்ததில்லை. அதை மறுபடியும் பூவாகப் பார்ப்பதற்கே அவர்களுக்குப் பல வருடம் தேவைப்பட்டது.

கருவிகளின் கதை

ஜப்பானின் கேமராத் தொழிலிலும் இந்தப் பூ இருக்கிறது. கொனிஷி என்ற கடை 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிக் கேமராவின் பெயர் "செர்ரி". அதே நிறுவனத்தின் பிலிமுக்குப் பெயர் "சகுரா". 1987-இல் நிறுவனம் கோனிகா என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் ஊர் போட்டோ ஸ்டுடியோ வாசல்களில் "கோனிகா கலர் லேப்" என்று போர்டு பார்த்திருப்பீர்களே, அதுதான்! 2003-இல் மினோல்டாவுடன் இணைந்து, 2006-இல் கேமரா, பிலிம் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இரவை வெல்லத்தான் பெரிய போட்டி நடந்தது. கேனான் 1961-இல் எஃப் 0.95 திறப்புள்ள லென்ஸைக் கொண்டுவந்தது. கோனிகா 1975-இல் ஃபிளாஷை உள்ளேயே பொருத்திய சிறு கேமராவை விற்றது. இரவு விருந்துகளும் செர்ரி மரத்தடிக் கூத்துகளும் குடும்ப ஆல்பத்துக்குள் வர அது வழி செய்தது. 1977-இல் நிக்கான் "நோக்ட்" லென்ஸ் வந்தது. சாதாரண லென்ஸைப் பெரிதாகத் திறந்து தெருவிளக்கை எடுத்தால், ஓரங்களில் இருக்கும் விளக்குகள் புள்ளியாக விழாமல் சிறகு விரித்த பறவை போலச் சிதறும். இதைச் சரிசெய்ய, கோள வடிவம் அல்லாத கண்ணாடியைக் கையால் தேய்த்துச் செய்தார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். புள்ளி விளக்கு புள்ளியாகவே தெரிய வேண்டும் என்பதற்காக இவ்வளவு உழைப்பு.

1990-இல் ஃபூஜியின் வெல்வியா ஸ்லைடு பிலிம் வந்ததும் நிறம் தூக்கலாக வந்தது. பூப் படம் எடுப்பவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அது ஐ.எஸ்.ஓ 50 என்ற மெதுவான பிலிம். இரவில் நீண்ட நேரம் திறந்து வைத்தால் கணக்குப்படி வெளிச்சம் ஏறாது, நிறமும் திரியும். குழல் விளக்குகள் வேறு பச்சையடிக்கும். டிஜிட்டல் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. 2000-இல் ஜப்பானில் ஜே-ஃபோன் நிறுவனம் கேமரா வைத்த செல்பேசியை விற்றது. 2007-இல் வந்த நிக்கான் டி3 ஐ.எஸ்.ஓ 6400-இலும் தெளிவான படம் தந்தது. இன்று கைபேசியே பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து இரவைப் பகலாக்குகிறது.

ஆனாலும் பழைய பாடங்கள் சில மாறவில்லை. சொமேய் யோஷினோ கிட்டத்தட்ட வெள்ளைப் பூ. கேமராவின் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், அதனால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுப்பார்கள். இரவுக் காட்சியை நள்ளிரவில் எடுப்பதில்லை. சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடம், வானம் கருநீலமாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். அப்போதுதான் மலையின் கோடும் தெரியும், விளக்கும் தெரியும். பகல் படத்தில் கருநீலம் பூசிய அந்தக் காலத்துத் தபால் அட்டைக்காரர் தேடியதும் இதே நீலம்தான்!

அணைந்த விளக்குகள், முந்தும் பூக்கள்

விளக்கை அழகுக்காகவே ஏற்றும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இஷீ மோதோகோ என்ற விளக்கு வடிவமைப்பாளர். 1978-இல் சொந்தச் செலவில் கியோட்டோவின் கட்டடங்களுக்கு ஒளியேற்றிக் காட்டினார். 1989 முதல் தோக்கியோ கோபுரம் இரவில் முழுசாக ஒளிர்வதும் அவர் வடிவமைப்பில்தான். பிறகு கோயில், கோட்டை, செர்ரி வரிசை என்று எல்லா இடத்திலும் விளக்கு வந்தது.

2011 மார்ச் 11-இல் பூகம்பமும் சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் வந்தன. மின்சாரம் பற்றாக்குறை. அந்த வசந்தத்தில் தோக்கியோவின் உவேனோ பூங்காவில் செர்ரி விழா ரத்து, விளக்குகள் இல்லை. பூ மட்டும் வழக்கம்போல் பூத்தது. நகரங்களின் இரவு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அதன் விலையை எந்த ஊர் கொடுக்கிறது என்று பலர் முதன்முறையாக யோசித்தார்கள். தோக்கியோவுக்கு மின்சாரம் தந்த அந்த உலை தோக்கியோவில் இல்லை, ஃபுகுஷிமாவில்தான் இருந்தது.

உலைக்குப் பக்கத்து ஊரான தொமியோகாவில் யோனோமோரி என்ற இடத்தில் பேர் பெற்ற செர்ரிச் சாலை ஒன்று உண்டு. இரு புறமும் மரங்கள் கவிந்து குகை போல இருக்கும். ஊர் முழுக்க வெளியேற்றப்பட்டது. பல வசந்தங்கள் அந்தப் பூக்கள் ஆளில்லாத தெருவில் பூத்து உதிர்ந்தன. தடுப்பு வேலிக்குப் பின்னால் பூத்த மரங்களின் படங்கள் அந்த வருடங்களில் நிறைய வந்தன. ஊரின் பெரும்பகுதிக்கு 2017 ஏப்ரலில் தடை நீங்கியது. யோனோமோரியின் எஞ்சிய பகுதிக்கு 2023 ஏப்ரலில்தான் நீங்கியது.

பூவுக்கும் இப்போது ஒரு கவலை இருக்கிறது. கியோட்டோவில் செர்ரி எப்போது முழுசாகப் பூத்தது என்பதை அரசவை நாட்குறிப்புகளிலிருந்து சேகரித்து, 9-ஆம் நூற்றாண்டு முதல் ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். 2021-இல் அது மார்ச் 26. அதுவரையிலான சுமார் 1200 வருடப் பதிவுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்தது இல்லை. அதற்கு முந்தைய சாதனை 1409-இன் மார்ச் 27. தோக்கியோவில் 2020, 2021, 2023 மூன்று வருடமும் மார்ச் 14-லேயே முதல் பூ அறிவிக்கப்பட்டது. நகரம் வெப்பமாவதும் பூமி வெப்பமாவதும் காரணம் என்கிறார்கள். போருக்குப் பிறகு மொத்தமாக நட்ட மரங்களுக்கு வேறு வயதாகிவிட்டது, பல இடங்களில் வெட்டி மாற்றி வருகிறார்கள்.

ஃபூஜி மலை பின்னணியில் ஐந்தடுக்குச் சிவப்புக் கோபுரமும் செர்ரிப் பூவும் சேர்ந்து தெரியும் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நீங்களும் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஃபூஜியோஷிதா நகரில் இருக்கும் அந்தக் கோபுரம் பழங்காலக் கோயில் அல்ல. போர்களில் இறந்த அந்த ஊர்க்காரர்களின் நினைவாக 1963-இல் கட்டியது. பெயரே சூரேய்தோ, வீழ்ந்தவர்களின் நினைவுத் தூண். அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால், அழகை ரசித்துவிட்டு, அந்தக் கோபுரம் யாருக்காக நிற்கிறது என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.